ஓல்டு சேரம்: ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள்

ஸ்டோன்ஹெஞ்ச் பார்க்க ரயிலில் வருகிறவர்கள் சாலிஸ்பரியில் இறங்கி, நிலையத்து வாசலிலேயே சுற்றுலா பஸ் பிடித்துவிடுவார்கள். அந்த பஸ் ஊருக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஒரு புல்மேட்டருகிலும் நிற்கும். அங்கே இறங்குகிறவர்கள் குறைவு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சாலையிலிருந்து பார்த்தால் கோபுரமும் தெரியாது, மதிலும் தெரியாது. பெரிய பச்சை மேடு ஒன்று, அதன் நடுவே இன்னொரு மேடு, அவ்வளவுதான். இங்கிலாந்தில் நார்மன் கோட்டை பார்க்க ஆசைப்படுகிறவர்களை லண்டன் டவருக்கோ ரோச்செஸ்டருக்கோ அனுப்புவதுதான் வழக்கம். நான் இங்கே கூட்டி வருகிறேன். இடத்தின் பெயர் ஓல்டு சேரம். கல்லெல்லாம் போன பிறகு ஒரு கோட்டையில் என்ன மிஞ்சும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற வேறு இடம் எனக்குத் தெரியாது.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று மண். இன்னொன்று, காகிதத்தில் எழுதி வைத்த உரிமை. அந்த இரண்டாவது சங்கதியில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் மண். நான் வேலை பார்ப்பது சவுத்தாம்ப்டனில். அங்கிருந்து சாலிஸ்பரி ரயிலில் அரை மணி நேரம். ஒரு கோடையில் சென்னையிலிருந்து வந்திருந்த அப்பாவை அழைத்துப் போனேன். பொதுப்பணித் துறையில் ஏரி, கால்வாய் என்று காலம் முழுக்க மண்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளி அகழியின் கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னம்மா, பாஸ்போர்ட் எடுத்து, விசா வாங்கி, ஏரிக்கரையைக் காட்டவா கூட்டிட்டு வந்தே?” என்றார். ஆனால் நான் பதில் சொல்வதற்குள் பள்ளத்தின் சரிவைப் பார்த்தபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். திரும்பி வந்து அவர் சொன்னதுதான் இந்த இடத்தைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களிலேயே சுருக்கமானது: “வெட்டின மண்ணைத் தூரமாக் கொண்டுபோகவே இல்லை. பள்ளத்துக்குப் பக்கத்திலேயே மேல தூக்கிக் கொட்டியிருக்கான். ஆளுயரம் வெட்டினா ஏறி வர்றவனுக்கு ரெண்டாளு உயரம். கூலி மிச்சம்.”

அந்த வெளிக்கரை நார்மன்கள் போட்டது இல்லை. அவர்கள் வருவதற்குச் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பு, கி.மு. 400 வாக்கில், இரும்புக்கால மக்கள் இந்தக் குன்றின் தலையைச் சுற்றி முட்டை வடிவத்தில் அகழி வெட்டிக் கரை எழுப்பினார்கள். நீளவாக்கில் சுமார் 400 மீட்டர், குறுக்கே 360 மீட்டர். அடியில் இருப்பது சுண்ணப்பாறை, வெள்ளையானது, மண்வெட்டிக்கு ஓரளவு இளகிக் கொடுப்பது. இன்றைக்குப் புல் மூடிப் பச்சையாக இருக்கிறதே தவிர, வெட்டிய புதிதில் குன்று முழுக்க வெள்ளை வளையமாகப் பல மைலுக்குத் தெரிந்திருக்கும். எதிரி கண்ணில் படவேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். ரோமானியர் காலத்தில் இதன் அடிவாரத்தில் பல சாலைகள் சந்தித்தன. ஊருக்குச் சோர்வியோடுனும் என்று பெயர். 552-ல் சாக்ஸன் அரசன் சின்ரிக் இங்கே பிரிட்டன்களோடு போரிட்டதாக அவர்களுடைய ஆண்டுக்குறிப்பு சொல்கிறது.

ஆக, 1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து, ஹேஸ்டிங்ஸில் ஜெயித்து நாட்டைப் பிடித்த வில்லியமின் ஆட்களுக்கு இங்கே பாதி வேலை முடிந்தே இருந்தது. சுற்றுக்கரை தயார், சாலைகள் தயார். அவர்கள் பழைய வளையத்தின் நடுவே புதிதாக இன்னொரு வட்ட அகழி வெட்டி, அந்த மண்ணை உள்ளே குவித்து, அதன் மேல் கோட்டையை வைத்தார்கள். வெளி அகழியை ஆழப்படுத்தி, கரையை உயர்த்தி, இரண்டு வளையங்களுக்கும் நடுவே இருந்த பரப்பை வெளிச்சுற்றாக்கிக் கொண்டார்கள். அதிலும் குறுக்குக் கரைகள் போட்டுப் பிரித்தார்கள். கிழக்கு வாசலில் நுழைகிற எதிரி ஒரு கரையைத் தாண்டி வெட்டவெளியில் நிற்பான். அவனுக்கு மேலே இன்னொரு கரை, அதன் உச்சியில் வில்லோடு ஆட்கள். முதலில் மரவேலிதான். கல் பிறகு வந்தது. நார்மன் கோட்டை என்றதும் நமக்குச் சதுரக் கற்கோபுரம் நினைவுக்கு வந்தாலும், நாட்டைப் பிடித்தது மண்ணும் மரமும்தான். நூற்றுக்கணக்கான இடங்களில் இப்படி அவசரமாக மண்ணைக் குவித்துத்தான் ஒரு சிறுபான்மைப் படை ஒரு பெரிய மக்கள்தொகையை அடக்கி வைத்திருந்தது. வேலைக்குப் பிடித்து வரப்பட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்களை அடக்குவதற்கான மேட்டை அவர்களே சுமந்து கொட்டினார்கள்.

1070-ல் வடக்கு இங்கிலாந்தைத் தீயிட்டு நாசம் செய்துவிட்டுத் திரும்பிய வில்லியம், தன் படைக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பியது இந்த மேட்டில்தான். 1086 ஆகஸ்டு 1-ந் தேதி இங்கிலாந்தின் முக்கிய நிலவுடைமையாளர்கள் எல்லோரையும், யாருக்குக் கீழே இருப்பவர்களாக இருந்தாலும், நேரடியாகத் தனக்கே விசுவாசப் பிரமாணம் செய்ய வைத்ததும் இங்கேதான். நாடு முழுக்க நிலத்தையும் மாட்டையும் கலப்பையையும் எண்ணிக் கணக்கெடுத்த அதே ஆண்டு அது. அப்போதைக்கு இது எல்லை ஓரத்துக் காவல் மேடு அல்ல. அரசாங்கம் நடந்த இடம்.

கோட்டைக்குள் கோயிலையும் கொண்டுவந்தார்கள். 1075-ல் ஆயர் பீடத்தை ஷெர்போர்னிலிருந்து இங்கே மாற்றினார்கள். ஆஸ்மண்டு என்ற ஆயர், வெளிச்சுற்றின் வடமேற்கு மூலையில் பேராலயத்தைக் கட்டி முடித்து, 1092 ஏப்ரல் 5-ந் தேதி அர்ப்பணித்தார். ஐந்தே நாளில் புயல் அடித்துக் கோபுரக் கூரையைப் பிய்த்துவிட்டது. இந்த மேட்டின் காற்றைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஜூலை மாதத்தில்கூட நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன்.

பேராலயத்தைப் பெரிதாக்கியவர் அடுத்து வந்த ஆயர் ரோஜர். முதலாம் ஹென்றி இவரைச் சேர்த்துக்கொண்டதே, பூசையை அவ்வளவு வேகமாக முடித்தார் என்பதற்காகத்தான் என்று ஒரு பழங்கதை உண்டு. வேட்டைக்குப் போக அவசரப்படுகிற அரசனுக்கு வேறென்ன வேண்டும். ஆனால் மனிதர் உண்மையிலேயே கெட்டிக்காரர். கருவூலக் கணக்கை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர், அரசன் நார்மண்டிக்குப் போனால் இங்கிலாந்தை நிர்வகித்தவர். கோட்டையையும் தன் பொறுப்பில் வாங்கி, அதற்குள்ளே நடுமுற்றம் வைத்து நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த ஒரு மாளிகையைக் கட்டினார். ஹென்றி இறந்து, ஸ்டீபன் வந்ததும், இவ்வளவு கோட்டை வைத்திருக்கிற ஆயர் ஆபத்தானவர் என்று 1139-ல் பிடித்து அடைத்தான். அந்த டிசம்பரிலேயே ரோஜர் இறந்துபோனார். பின்னாளில் இரண்டாம் ஹென்றி, தனக்கு எதிராக மகன்களைத் தூண்டினாள் என்று தன் ராணி எலினரைச் சிறை வைத்த இடங்களில் இதுவும் ஒன்று. அவள் இங்கே எந்த அறையில் இருந்தாள், எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாள் என்றெல்லாம் சுற்றுலாக்காரர்கள் கேட்பார்கள். ஜன்னல் இருந்த சுவரே இல்லை.

சுவர் எங்கே போயிற்று? அங்கேதான் எனக்குப் பிடித்த சண்டை வருகிறது.

ஒரே வளையத்துக்குள் சிப்பாயையும் சாமியாரையும் வைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பாதிரியார்கள் பெரிய புகார்ப் பட்டியலே போட்டார்கள். காற்று இரைகிற இரைச்சலில் ஒருவர் பாடுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. மூட்டுவலி. தண்ணீரைத் தூரத்திலிருந்து காசு கொடுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சுண்ணப்பாறையின் வெள்ளை கண்ணைக் கூசுகிறது. குடியிருக்க வீடு போதவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கோயிலுக்கு வருகிற ஜனங்களைக் கோட்டைக் காவலர்கள் வாசலில் மறிக்கிறார்கள். ஒருமுறை ஊர்வலம் போய்த் திரும்பிய பாதிரிமாரை உள்ளே விடாமல் சிப்பாய்கள் கதவைச் சாத்திவிட்டார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. இதையெல்லாம் கேட்ட போப் மூன்றாம் ஹொனோரியஸ், இடம் மாற அனுமதி கொடுத்தார். இதில் எது நிஜமான கஷ்டம், எது அனுமதிக்காகக் கொஞ்சம் ஊதியது என்று யோசித்துப் பார்ப்பேன். காற்றும் தண்ணீரும் நிஜம். கண்கூச்சம், எனக்குச் சந்தேகம்தான். உண்மையான காரணம் கடைசிப் புகாரில் இருக்கிறது: வாசல் சாவி அடுத்தவன் கையில் இருக்கிற இடத்தில் யாரும் குடியிருக்க விரும்ப மாட்டார்கள்.

ரிச்சர்டு பூர் என்ற ஆயர் கீழே ஆற்றங்கரைச் சமவெளியில், தன் சொந்த நிலத்தில், 1220 ஏப்ரல் 28-ந் தேதி புதுப் பேராலயத்துக்கு அடிக்கல் போட்டார். கோட்டையிலிருந்து எய்த அம்பு ஒரு மான்மேல் பட்டு, அது ஓடி விழுந்த இடத்தில் கோயில் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அவ்வளவு தூரம் ஓடின மான் பாவம்தான். கோயிலைச் சுற்றி ஊர் எழுந்தது, 1227-ல் அரச சாசனம் கிடைத்தது. அதுதான் இன்றைய சாலிஸ்பரி. அந்தப் பேராலயத்தின் 123 மீட்டர் உயரக் கூர்கோபுரம் மேட்டிலிருந்தே தெரியும். மேட்டுக் கோயிலில் உருவான வழிபாட்டு முறை இங்கிலாந்தின் பெரும்பகுதிக்குப் பரவி, மதச் சீர்திருத்த காலம் வரை நடைமுறையில் இருந்தது. அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய சாசனமான மாக்னா கார்ட்டாவின் பிழைத்திருக்கும் நாலு மூலப் பிரதிகளில் ஒன்று இன்று கீழேயுள்ள பேராலயத்தில் இருக்கிறது. 1215-ல் அது வந்து சேர்ந்தபோது பேராலயம் மேலேதான் இருந்தது.

ஜனம் இறங்கிய பிறகு கல்லும் இறங்கியது. 1331-ல் மூன்றாம் எட்வர்டு, பழைய பேராலயத்துக் கல்லை எடுத்துப் புதுக் கோயில் வளாகத்துக்கு மதில் கட்டிக்கொள்ள அனுமதித்தான். கோட்டை இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியது. 1514-ல் எட்டாம் ஹென்றி அதைத் தாமஸ் காம்ப்டன் என்பவருக்குக் கொடுத்து, கட்டுமானப் பொருளை எடுத்துக்கொள்ளவும் உரிமை தந்துவிட்டான். இப்போது உள்கோட்டையில் நீங்கள் பார்ப்பதெல்லாம் சுவரின் வயிறு மட்டும்: சுண்ணச் சாந்தில் சிக்கிமுக்கிக் கற்களைப் போட்டு நிரப்பிய உள்பகுதி. முகத்தில் பதித்திருந்த நேர்த்தியான செதுக்குக் கல்லை உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். செதுக்கிய கல்லுக்கு விலை உண்டு, வண்டியில் ஏற்றலாம். மண்கரையை என்ன செய்வது? அதைக் கலைக்கிற கூலிக்குப் புதிதாக ஒரு ஊரையே கட்டிவிடலாம். அதனால் அது நின்றது. 1668-ல் சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அதிகாரி ஒரு ராத்திரி வேளையில் தனியாக இதற்குள் போய்ப் பார்த்துவிட்டு, இதன் பிரமாண்டமே பயமுறுத்துகிறது என்று நாட்குறிப்பில் எழுதினார்.

இனி அந்த இரண்டாவது சங்கதி.

பதினான்காம் நூற்றாண்டிலிருந்து இந்த மேட்டுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள். ஊர் இருந்தபோது கொடுத்த உரிமை. ஊர் போனது, கோயில் போனது, கோட்டை போனது, உரிமை போகவில்லை. அதை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியவர்களுக்கு அதில் லாபமில்லை. வாக்குரிமை குறிப்பிட்ட சில மனைக்கட்டுகளோடு ஒட்டியது. அந்த மனைகளில் வீடு இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, மனை இருந்தால் போதும். அந்த நிலம் முழுவதையும் ஒருவர் வாங்கிவிட்டால்? தேர்தலுக்கு முன்பு தனக்கு வேண்டியவர்கள் பெயரில் மனைகளை எழுதிவைத்து, அவர்களைக் கூட்டி வந்து ஓட்டுப் போட வைத்து, தான் சொல்கிற இரண்டு பேரை லண்டனுக்கு அனுப்பலாம். தேர்தல் நடந்தது மேட்டுக்குக் கீழே வயலில், ஒரு எல்ம் மரத்தடியில். அந்த மரத்துக்கு நாடாளுமன்ற மரம் என்றே பெயர். 1831-ல் மொத்த வாக்காளர்கள் 11 பேர். ஒருவர்கூட அங்கே குடியிருந்தவர் இல்லை. அதே காலத்தில் மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும் தனித் தொகுதியே கிடையாது.

1691-ல் இந்த நிலத்தைச் சாலிஸ்பரி பிரபுவிடமிருந்து வாங்கியவர் பெயர் தாமஸ் பிட். டார்செட் மாவட்டத்துப் பாதிரியார் மகன். இருபது வயதைத் தாண்டியதும் வங்கக் கரைக்குக் கப்பலேறி, பாலசோரில் தனி வியாபாரம் செய்தவர். கீழைத்தேய வியாபாரம் முழுவதும் தனக்கே சொந்தம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கம்பெனி அவர்மேல் வழக்குப் போட்டது, அபராதம் விதிக்கவைத்தது, மனிதர் அசரவில்லை. சம்பாதித்த பணத்தில் ஊருக்கு வந்து நிலத்தையும் அதோடு தொகுதியையும் வாங்கினார். பிடிக்க முடியாதவனைக் கூட்டாளி ஆக்கிக்கொள் என்று கம்பெனி கடைசியில் முடிவெடுத்தது. 1698-ல் தாமஸ் பிட் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர்.

பதினோரு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். 1702-ல் மொகலாயத் தளபதி தாவூத் கான் கோட்டையைச் சுற்றி வளைத்து மூன்று மாதம் போல வழியை அடைத்தபோது சமாளித்து, கடைசியில் பணம் கொடுத்து அனுப்பியவர் இவர்தான். 1707-ல் இடங்கை, வலங்கைச் சாதிகளுக்குள் மூண்ட பெரிய தகராறு இவர் காலத்தில்தான். 1708-ல் ஐந்து கிராமங்களைக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார்: திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு.

நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. எங்கள் தெருவை ஒரு காகிதத்தில் கம்பெனிக்கு மாற்றிய மனிதர், வில்ட்ஷயரில் ஒரு காலி மேட்டையும் காகிதத்தில்தான் வைத்திருந்தார் என்று தெரிந்தபோது, வெளிச்சுற்றில் புல்லின்மேல் உட்கார்ந்து நன்றாகச் சிரித்தேன். இரண்டு இடத்திலும் ஒரே முறைதான். மண்ணில் யார் இருக்கிறார்கள் என்பது கணக்கில் இல்லை. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே மேட்டில் யாரும் இல்லை. அங்கே ஐந்து கிராமத்திலும் ஜனம் இருந்தது.

வைரக் கதையைச் சொல்லாமல் பிட்டை விடமுடியாது. 1702-ல் ஜம்சந்த் என்ற வியாபாரியிடமிருந்து, கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் கல்லை 48,000 வராகனுக்கு வாங்கினார். மகன் ராபர்ட்டிடம் கொடுத்து லண்டனுக்கு அனுப்பினார். பட்டை தீட்டியதில் சுமார் 140 காரட் தேறியது. விற்கிறவரை அந்த மனிதருக்குத் தூக்கம் இல்லை. 1717-ல்தான் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஒர்லியான் கோமகன் 1,35,000 பவுனுக்கு வாங்கினார். இன்று அது பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது. வைரத்தை விற்றுத் தொகுதியை வாங்கினார் என்று சிலர் எழுதுகிறார்கள். வரிசை அப்படி இல்லை. மேடு முதலில், சென்னை அப்புறம், வைரம் அதற்கும் அப்புறம். மேட்டை வாங்கியது பாலசோர் பணம். வைரம், ஏற்கெனவே இருந்த குடும்பத்தை அசைக்கமுடியாத குடும்பமாக்கியது.

தாமஸ் பிட் தானும் இந்தத் தொகுதிக்கு உறுப்பினராக இருந்தார், மகனையும் உட்காரவைத்தார். 1735-ல் பேரன் வில்லியம் பிட் 26 வயதில் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும் இதே மேட்டின் பெயரால்தான். ஏழாண்டுப் போரில் பிரான்சைத் தோற்கடித்து, பிரிட்டனை உலக சாம்ராஜ்யம் ஆக்கியவர் என்று வரலாற்றுப் புத்தகங்கள் கொண்டாடுகிற அதே பிட். அவரே 1766-ல் எழுந்து, இப்படிப்பட்ட தொகுதிகள் அரசியலமைப்பின் அழுகிய பகுதி, நூறாண்டு தாங்காது, தானாக விழாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று பேசினார். ஏறி வந்த ஏணியைப் பற்றி மேலே போன பிறகு உண்மை பேசுவது சுலபம்தான், ஆனாலும் பேசினாரே என்று அவருக்கு ஒரு மதிப்பெண் போடுகிறேன். 1832-ல் சீர்திருத்தச் சட்டம் வந்து ஓல்டு சேரம் தொகுதியை ஒழித்தது. அவர் கொடுத்த கெடுவில் முப்பது ஆண்டுக்கு மேல் மிச்சமிருந்தது.

அதற்கு முன்பு கடைசியாக ஒரு விற்பனை நடந்தது. 1802-ல் பிட் குடும்பம் மேட்டை அயர்லாந்துக்காரரான காலிடன் பிரபுவுக்கு 60,000 பவுனுக்கு விற்றது. நிலத்திலிருந்து வருகிற வருமானம் ஆண்டுக்கு 700 பவுன் தேறினால் அதிகம். மீதி எதற்கான விலை என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்கியவரின் அப்பா கம்பெனி வேலையில் இந்தியாவில் சம்பாதித்தவர். அத்தையின் கணவர் ஜோசையாஸ் டு பிரே, 1770 முதல் 1773 வரை சென்னை கவர்னர். காலிடன் பிரபுவின் முதல் பெயரே டு பிரேதான். ஒரு சென்னை கவர்னர் குடும்பம் விற்க, இன்னொரு சென்னை கவர்னரின் உறவுக் குடும்பம் வாங்கியிருக்கிறது. நடுவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

மேட்டின் பக்கத்தில் ஒரு நினைவுக்கல்லும் இருக்கிறது. 1794-ல் வில்லியம் மட்ஜ் என்ற ராணுவ அதிகாரி, இங்கிருந்து பீக்கன் ஹில் வரை சுமார் ஏழு மைலுக்கு எஃகுச் சங்கிலி போட்டு ஒரு நேர்கோட்டை அளந்தார். பிரிட்டன் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்து வரைபடம் போட அது ஒரு அடிக்கோடு. எட்டு ஆண்டுகள் கழித்து, 1802 ஏப்ரல் 10-ந் தேதி, சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்ப்டன் அதே வகை வேலையைத் தொடங்கினார்: ஏழரை மைல் அடிக்கோடு. இமயம் வரை போன இந்திய அளவையின் முதல் கோடு அது. காலிடன் பிரபு மேட்டை வாங்கிய அதே ஆண்டு. இது வெறும் தற்செயல்தான், இதில் பெரிய அர்த்தம் தேட வேண்டாம். அப்பாவுக்கு மட்டும் பிட், வைரம், தொகுதி எல்லாவற்றையும்விட இந்தச் சங்கிலிக் கதைதான் பிடித்திருந்தது. வெயிலில் எஃகு நீளுமே, அதற்கு என்ன கணக்கு வைத்தார்கள் என்று ரயிலில் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு திருத்தம் போட்டார்கள் என்றதும்தான் சமாதானமானார்.

பாதுகாப்புச் சட்டம் இந்த மேட்டுக்கு வந்த விதமும் விசித்திரம். பிரிட்டனின் முதல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1882-ல் வந்தது. அதன் அட்டவணையில் எழுபதுக்கும் குறைவான இடங்கள். பெரும்பாலும் வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டங்களும் புதைமேடுகளும். தனியார் சொத்தில் அரசு கைவைப்பதா என்று பிரபுக்கள் கூச்சல் போட்டதால், யாரும் குடியிருக்க ஆசைப்படாத இடங்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் அதில் உண்டு. கோட்டை, மாளிகை, மடாலயம் எதுவும் பொதுவாகக் கிடையாது. ஆனால் ஓல்டு சேரம் இருந்தது. கல் முழுக்க நின்றிருந்தால் இது ஒரு கோட்டை, அதனால் விட்டுப்போயிருக்கலாம். கல் போய் மண்மேடாக நின்றதால்தான் முதல் பட்டியலிலேயே இடம் கிடைத்தது என்பது என் எண்ணம். சட்டத்தை நடைமுறைப்படுத்த நியமிக்கப்பட்ட முதல் ஆய்வாளர் ஜெனரல் பிட் ரிவர்ஸ். ஆமாம், அந்தப் பெயரில் உள்ள பிட்டும் அதே டார்செட் பிட் வம்சத்தின் இன்னொரு கிளையிலிருந்து சொத்தோடு வந்த பெயர்தான். இவர்களிடமிருந்து இந்த மேட்டுக்கு விடுதலையே இல்லை.

1909 முதல் 1915 வரை லண்டன் பழம்பொருள் கழகத்தார் இங்கே அகழ்ந்தார்கள். உள்கோட்டைச் சுவர்களும் பேராலயத்தின் அடித்தளமும் வெளிப்பட்டது அப்போதுதான். பிறகு ஸ்டோன்ஹெஞ்சில் அகழ்ந்த வில்லியம் ஹாலி அந்தக் குழுவில் ஒருவர். போர் வந்தது, வேலை நின்றது. வெளிச்சுற்றில் அவர்கள் தொடாமல் விட்ட பகுதியை, 2014-ல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் ஒரு மண்வெட்டிகூடப் போடாமல், காந்தப்புலத்தையும் மண்ணின் மின்தடையையும் அளந்து பார்த்தார்கள். புல்லுக்குக் கீழே தெருக்கள், வரிசையாகக் கட்டடங்கள், ஒரு மிகப் பெரிய கட்டடத் தொகுதியின் அடிச்சுவடு. அது அரண்மனையா வேறு எதுவுமா என்று விவாதம் போகிறது. தோண்டிப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு: தோண்டினால் அது ஒரு தடவைதான். இன்றைக்குப் படிக்க முடிவதைப் படித்துவிட்டு, மிச்சத்தை நம்மைவிட நல்ல கருவி வைத்திருக்கப்போகிறவர்களுக்கு விட்டுவிடுவது இப்போதைய வழக்கம். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இன்று 1979-ம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் இங்கே கம்பம் நடக்கூடக் குழி வெட்ட முடியாது. அனுமதி இல்லாமல் உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதும் குற்றம். ஆனால் மண்கரைக்கு உண்மையான எதிரிகள் சட்டம் படித்தவர்கள் இல்லை. முயல் வளை தோண்டும். மரம் வேர் விட்டு, புயலில் சாயும்போது கரையையும் பெயர்த்துக்கொண்டு விழும். அதைவிட மோசம் நாம்தான்: எல்லோரும் ஒரே குறுக்குவழியில் ஏறினால் புல் தேய்ந்து, சுண்ணம் தெரிய ஆரம்பிக்கும்; அடுத்த மழையில் அது ஓடையாகும். அதனால்தான் அங்கங்கே கயிறு கட்டி, வழியை மாற்றி மாற்றி விடுகிறார்கள். தயவுசெய்து படிக்கட்டில் ஏறுங்கள்.

போகிறவர்களுக்குக் கொஞ்சம் குறிப்பு. சாலிஸ்பரி ஊருக்குள்ளிருந்து சாதாரண பஸ்ஸே இருக்கிறது. உள்கோட்டைக்கு டிக்கெட் உண்டு, இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் பராமரிப்பு. வெளிச்சுற்றும் பேராலயத்து அடித்தளமும் இலவசம், நேரம் குறைவாக இருந்தால் அது போதும். முதலில் வெளிக்கரையின் மேலேயே ஒரு முழுச் சுற்று வந்துவிட்டு அப்புறம் உள்ளே போங்கள். நேராக உள்ளே போனால் அளவு பிடிபடாது. மேற்கே இறங்கினால் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சின்ன கிராமம். அங்கே கோயில் கோபுரத்தில் 1711 என்ற ஆண்டோடு தாமஸ் பிட்டின் பெயர் பெரிய எழுத்தில் பொறித்திருக்கும், கொடையாளர் என்று. சென்னையிலிருந்து திரும்பிய இரண்டாவது ஆண்டு அது. பிறகு ஊருக்குத் திரும்பி, பேராலய வளாகத்து மதிலைச் சுற்றி நடக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சாதாரணக் கற்களுக்கு நடுவே திடீரென்று கொடி, வட்டம், பல்வரிசை என்று செதுக்கிய கல் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ பதிந்திருக்கும். கிழக்குப் பக்கத்து மதிலில் அதிகம். அதெல்லாம் மேட்டுக்கோயில் கல்.